72 கிலோ ஆளுக்கு 150 கிலோ ஹூக் ஏன் பத்தல? – ஹேமக் வாங்குறதுக்கு முன்னாடி ஒரு கணக்கு

இந்த மாசக் கட்டுரை ஒரு 'தொப்' சத்தத்துல ஆரம்பிக்குது.

போன டிசம்பர்ல நாங்க அஞ்சு பேர் ஏலகிரி போனோம். காட்பாடியில ரயில் ஏறி, ஜோலார்பேட்டையில இறங்கி, பஸ் பிடிச்சு, 14 கொண்டை ஊசி வளைவையும் எண்ணிக்கிட்டே மலையேறினோம். தங்கினது ஒரு தனியார் கேம்ப் சைட். நம்ம நண்பன் ஒருத்தன் ரெண்டு நாள் முன்னாடிதான் ஆன்லைன்ல ஒரு ஹேமக் வாங்கியிருந்தான். கூடவே கயிறும் ரெண்டு ஹூக்கும் இலவசம். ரெண்டு மரம் பார்த்தான். தொய்வா கட்டினா சோம்பேறித்தனமா தெரியும்னு நெனச்சு, வீணைக் கம்பி மாதிரி இழுத்துக் கட்டினான். 'தள்ளுங்கடா'ன்னு சொல்லிட்டு ஏறி உக்காந்தான். மூணாவது செகண்ட்ல ஒரு ஹூக் வாயைப் பிளந்துடுச்சு. கீழே பாறை.

வால் எலும்புல மெல்லிய விரிசல். ஒரு மாசம் வட்டத் தலைகாணி மேலதான் உக்காந்தான். செமஸ்டர் எழுத வந்தப்ப, ஹால்ல இருந்த மேடம் முதல்ல அந்தத் தலைகாணியைத்தான் பிட்டு இருக்கான்னு சோதிச்சாங்க.

சிரிச்சு முடிச்சப்புறம் ஒரு கேள்வி எங்களை விடல. அவன் எடை 72 கிலோ. ஹூக்ல '150 கிலோ தாங்கும்'னு போட்டிருந்தது. ரெண்டு பக்கமும் ரெண்டு ஹூக். அப்படின்னா ஆளுக்குப் பாதியா 36 கிலோதானே வரணும்? அப்புறம் ஏன் உடைஞ்சது? ஹூக் போலியா இருந்திருக்கலாம். ஆனா அசல் ஹூக்கா இருந்திருந்தாலும் அது பத்தியிருக்காது. ஏன்னு பார்ப்போம்.

வேட்டைக்காரங்க லிஸ்ட் நமக்கு ஒத்து வருமா?

ஹேமக் பத்தி யூட்யூப்ல தேடினா, வர்ற நல்ல வீடியோக்கள்ல பாதி அமெரிக்க வேட்டைக்காரங்க போட்டது. ரோடே இல்லாத காட்டுக்குள்ள பல நாள் நடந்து, மான் தேடிப் போறவங்க. அவங்க ஹேமக்கைத் தேர்ந்தெடுக்கக் காரணம் இருக்கு. மலைச்சரிவுல டென்ட் போடச் சமதளம் கிடைக்காது. ரெண்டு மரம் கண்டிப்பா கிடைக்கும். டென்ட்டை விட எடை குறைவு. இருட்டுல அஞ்சு நிமிஷத்துல கட்டலாம், காலையில அவிழ்த்தா தரையில தடமே இருக்காது.

இதெல்லாம் நமக்கும் பொருந்தும். ஆனா அந்த லிஸ்ட்டை அப்படியே காப்பி அடிக்க முடியாது. முதல் காரணம், நம்ம ஊர்ல வேட்டையே கிடையாது.

ஒரு காலத்துல இருந்தது. பெங்களூர்க்காரரான கென்னத் ஆண்டர்சன் இதே ஏலகிரிப் பக்கத்துச் சிறுத்தை பத்தியெல்லாம் எழுதியிருக்கார். அந்தக் கால வேட்டைக்காரங்க மரத்து மேல பரண் கட்டி ராத்திரி முழுக்க உக்காந்திருப்பாங்க. அந்தக் கதை முடிஞ்சுபோச்சு. 1972-ல வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 9-வது பிரிவு வேட்டையைத் தடை செய்யுது. துப்பாக்கியால சுடுறது மட்டும் வேட்டை இல்ல. பொறி வைக்கிறது, கண்ணி கட்டுறது, துரத்துறது, முயற்சி பண்றது எல்லாமே அந்தச் சட்டத்துல வேட்டைதான். 'முயலுக்கு ஒரு கண்ணி வெச்சுப் பார்ப்போம் மச்சான்'னு யாராவது சொன்னா, அந்த ஆளோட போகாதீங்க. முதல் அட்டவணையில இருக்கிற விலங்குன்னா 3 வருஷத்துல இருந்து 7 வருஷம் வரை சிறை. டிகிரியே நாலு வருஷம்தான்.

நமக்குக் கிடைக்கிற 'வேட்டை' கேமராவும் பைனாகுலரும்தான். பறவை பார்க்கலாம், நட்சத்திரம் பார்க்கலாம். ஜவ்வாது மலையில காவலூர் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறதே அந்த இருட்டுக்காகத்தான். 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986-ல இருந்து அங்க நிக்குது.

எங்க கட்டலாம்?

ஹேமக் வாங்குறதுக்கு முன்னாடி இதுக்குப் பதில் வெச்சிருக்கணும். காப்புக்காட்டுக்குள்ள அனுமதி இல்லாம நுழையுறதே குற்றம். 'யாரும் பார்க்க மாட்டாங்க'ன்னு போறவங்க ஒரு தேதியை ஞாபகம் வெச்சுக்கணும்: 2018 மார்ச் 11. தேனி மாவட்டம் குரங்கணி மலையில காட்டுத்தீயில மாட்டி, மலையேறப் போனவங்க 20 பேருக்கும் மேல இறந்துட்டாங்க. அதுல நிறைய பேர் நம்மளை விட நாலஞ்சு வயசுதான் பெரியவங்க. அந்தச் சம்பவத்துக்கு அப்புறம் மலையேற்றத்துக்கு அரசு தனி விதிகள் கொண்டு வந்தது. 2024-ல வனத்துறை 'ட்ரெக் தமிழ்நாடு'ன்னு ஒரு திட்டம் தொடங்கி, 40 பாதைகளை ஆன்லைன் முன்பதிவோட, வழிகாட்டியோட திறந்திருக்கு. நடக்கணும்னா அந்த வழியா போங்க.

தூங்கணும்னா பட்டா நிலத்துல தூங்குங்க. ஏலகிரியில கேம்ப் சைட்கள் இருக்கு. நம்ம காலேஜ்ல குடியாத்தம், பேர்ணாம்பட்டு, வாணியம்பாடி, ஆலங்காயம் பக்கத்துப் பசங்க எத்தனை பேர்! யாராவது ஒருத்தர் வீட்டு மாந்தோப்போ புளியந்தோப்போ மலையடிவாரத்துல இருக்கும். அவங்க அப்பாகிட்ட கேட்டு, 'நல்லது தம்பி, ஆனா தீ மட்டும் மூட்டாதீங்க'ன்னு அவர் சொன்னா, அதுதான் பெர்மிஷன். தீ மூட்டாதீங்க.

இப்ப கணக்கு

நம்ம எல்லாரும் முதல்ல தூங்கினதே ஒரு ஹேமக்லதான். அம்மா புடவையில கட்டின தூளி. உத்தரத்துல ஒரே இடத்துல முடிச்சு, ரெண்டு முனையும் அங்கேயே சேரும். புடவை கிட்டத்தட்ட செங்குத்தா தொங்குறதால, குழந்தை 8 கிலோன்னா ஒவ்வொரு பக்கத்துக்கும் சுமார் 4 கிலோ. பாதிப் பாதி. நம்ம மூளையில அந்தப் 'பாதிப் பாதி' அப்படியே பதிஞ்சிருக்கு.

ஹேமக் அப்படி இல்ல. அதுல ஸ்ட்ராப் ரெண்டு பக்கமும் சாய்ந்து போகுது. முதல் வருஷ இன்ஜினியரிங் மெக்கானிக்ஸ்ல லாமி தேற்றம் போட்டோமே, ரெண்டு கயிறு நடுவுல ஒரு எடை தொங்குற அதே படம்தான். உங்க எடையைத் தாங்குறது ஸ்ட்ராப் விசையோட செங்குத்துப் பங்கு மட்டும். ஸ்ட்ராப் எவ்வளவு கிடைமட்டமா போகுதோ, அந்தப் பங்கு அவ்வளவு சின்னதாகும். அதை ஈடுகட்ட மொத்த இழுவிசை ஏறிக்கிட்டே போகும். சூத்திரம் இவ்வளவுதான்:

ஒரு பக்க இழுவிசை = எடை ÷ (2 × சைன் கோணம்)

கோணம்னா ஸ்ட்ராப்புக்கும் கிடைமட்டத்துக்கும் நடுவுல இருக்கிறது. நம்ம 72 கிலோ நண்பனைப் போட்டுப் பார்ப்போம்:

45 டிகிரி – 51 கிலோ
30 டிகிரி – 72 கிலோ
20 டிகிரி – 105 கிலோ
15 டிகிரி – 139 கிலோ
10 டிகிரி – 207 கிலோ
5 டிகிரி – 413 கிலோ

இது ஒவ்வொரு பக்கத்துக்கும் வர்ற விசை. வீணைக் கம்பி மாதிரி இழுத்துக் கட்டி, உக்காந்தப்புறம் 10 டிகிரிதான் இறங்கியிருந்தா, 150 கிலோ ஹூக் மேல 207 கிலோ. அதுவும் அவன் மெதுவா உக்காந்திருந்தா. 'தொப்'னு விழுந்தா விசை ரெட்டிப்பு ஆகலாம். கேள்விக்குப் பதில் கிடைச்சுதா? அவன் எடை 72-தான். ஹூக் பார்த்தது 200-க்கும் மேல.

அதனாலதான் உலகம் முழுக்க ஹேமக் ஆளுங்க சொல்ற எண் 30 டிகிரி. சைன் 30 அரை. அதனால இழுவிசை சரியா உங்க எடைக்குச் சமம். மனக்கணக்கா போடலாம். படுக்கவும் அதுதான் சுகம்.

கோணமானி எல்லாம் வேணாம். கையைத் துப்பாக்கி மாதிரி வையுங்க. ஆள்காட்டி விரல் தரைக்கு இணையா, கட்டைவிரல் நேரா மேலே. ஆள்காட்டி விரல் நுனியில இருந்து கட்டைவிரல் நுனிக்கு மனசுல ஒரு கோடு போட்டா, அது சுமார் 30 டிகிரி. ஸ்ட்ராப் அந்தக் கோட்டுச் சாய்வுல போனா சரி. இந்த நாட்டுல கேம்ப்புக்குக் கொண்டுபோக நமக்கு அனுமதி இருக்கிற ஒரே துப்பாக்கி இதுதான்.

எவ்வளவு உயரத்துல கட்டணும்? மரங்களுக்கு நடுவுல இருக்கிற தூரத்தை 0.29-ஆல பெருக்கி, அதோட 45 சென்டிமீட்டர் கூட்டுங்க. 4 மீட்டர் இடைவெளின்னா சுமார் 1.6 மீட்டர். 5 மீட்டர்னா 1.9 மீட்டர். அந்த 45 சென்டிமீட்டர் நாற்காலி உயரம். உக்காந்தா கால் தரையில படணும். எது அறுந்தாலும் நாற்காலி உயரத்துல இருந்துதான் விழணும், கீழே பாறையோ வேரோ இருக்கக் கூடாது. இன்ஸ்டாவுல ஒண்ணு மேல ஒண்ணா மூணு ஹேமக் கட்டியிருப்பாங்க. லைக் போடுங்க, கட்டாதீங்க.

மரமா, தூணா?

இந்தப் பகுதியை மட்டும் தயவுசெஞ்சு முழுசா படிங்க. நம்ம ஹாஸ்டல் மொட்டை மாடியில தண்ணித் தொட்டி பக்கத்துச் செங்கல் தூண்லயும் கைப்பிடிச் சுவர்லயும் ஹேமக் கட்டுற பழக்கம் இப்ப வந்திருக்கு.

2 மீட்டர் உயரம், 23-க்கு 23 சென்டிமீட்டர் அளவுல ஒரு தனிச் செங்கல் தூணை எடுத்துக்கோங்க. ஒரு கன மீட்டர் செங்கல் கட்டு 1,900 கிலோன்னா தூணோட எடை சுமார் 200 கிலோ. ஆளை விட மூணு மடங்கு கனம், நல்லா நிக்கும்னு தோணும். இப்ப 1.5 மீட்டர் உயரத்துல ஹேமக்கை, சரியா 30 டிகிரியிலேயே, கட்டுறோம். 72 கிலோ ஆள் படுத்தா கிடைமட்ட விசை சுமார் 62 கிலோ. அடியில கவிழ்க்கிற திருப்புத்திறன் 62 × 1.5 = 93 கிலோ-மீட்டர். தூணோட சொந்த எடை அதைத் தடுக்கிற திருப்புத்திறன் 200 × 0.115 = 23 கிலோ-மீட்டர். நாலு மடங்கு வித்தியாசம். மிச்சத்தை முழுக்கத் தாங்க வேண்டியது சிமென்ட் கலவையோட ஒட்டு மட்டும். செங்கல் கட்டு அமுக்கு விசையை நல்லா தாங்கும், இழுவிசையைத் தாங்காதுன்னு நமக்குத் தெரியும். வெயில்ல மழையில காய்ஞ்ச பழைய கலவையை நம்பி தலையைக் கீழே வைக்கிறோம்.

கோணம் சரியா வெச்சா கயிறு பிழைக்கும். தூண் பிழைக்காது. தூண் விழுந்தா அது விழுற திசை ஹேமக் இருக்கிற பக்கம்தான்; படுத்திருக்கிற ஆளால எழுந்து ஓட முடியாது. 2020-ல அமெரிக்காவுல ஒஹாயோ மாநிலத்துல ஒரு வீட்டுத் தோட்டத்துல இப்படித்தான் செங்கல் தூண் சாய்ஞ்சு, ஹேமக்ல இருந்த அக்கா தங்கச்சி ரெண்டு பேரும் இறந்துட்டாங்க. தனிச் செங்கல் தூண், கைப்பிடிச் சுவர், கேட் தூண், கல் வேலிக் கால் எதுலயும் கட்டாதீங்க. வார்டன் திட்டுவாருங்கிறது ரெண்டாவது காரணம்.

மரத்துக்கு வருவோம். உயிருள்ள மரமா, அடிமரம் தொடை அளவுக்காவது தடிமனா இருக்கணும். ரெண்டு கையால தள்ளினா மேலே கிளை ஆடக் கூடாது. முக்கியமா தலையைத் தூக்கிப் பாருங்க. மேலே காய்ஞ்ச கிளை தொங்குதா? அப்ப வேற மரம். நம்ம ஊர் மரங்கள்ல:

புளி, வேம்பு, மா – நல்லது. புளியமரத்துல பேய் இருக்குன்னு பாட்டி சொன்னா, அடுத்த தோப்புக்கு மாறிக்கோங்க, வாதாட வேணாம்.
முருங்கை – வேண்டவே வேண்டாம். 'முருங்கை மரத்துல ஏறாதே'ன்னு சின்ன வயசுல திட்டு வாங்கியிருப்போமே, அதே காரணம். சட்டுனு முறியும்.
தென்னை – மரம் பலம்தான். ஆனா மேல இருந்து தேங்காய் வரும், மட்டை வரும்.
யூகலிப்டஸ் – கிளை உதிர்க்கிற மரம். காத்து அடிக்கிற நாள்ல தவிருங்க.
வேலிகாத்தான் – முள் துணியைக் கிழிக்கும், உங்களையும்.

ஸ்ட்ராப், ஹூக், தையல்

மரத்தைச் சுத்துறது கயிறா இருக்கக் கூடாது. மெல்லிய கயிறு பட்டையை அறுக்கும். ஒரு அங்குலமாவது அகலமுள்ள தட்டையான ஸ்ட்ராப் வேணும். பட்டை மென்மையான மரத்துக்கு ரெண்டு அங்குலம். பொருள் பாலியெஸ்டரா பார்த்து வாங்குங்க. நைலான் இழுத்தா நீளும், நனைஞ்சா இன்னும் நீளும். ராத்திரி நாற்காலி உயரத்துல படுத்த நீங்க விடிகாலையில தரையில இருப்பீங்க.

நம்ம பெல்ட்ல இருக்கிற யாருக்கும் வர்ற சந்தேகம்: 'தோல் வார்ல கட்டலாமா? வீட்டுப் பக்கத்துலயே கிடைக்குதே?' வேண்டாம். தொடர்ந்து பாரம் இருந்தா தோல் மெதுவா நீண்டுகிட்டே போகும். நனைஞ்சா இன்னும் மோசம். ஷூ கம்பெனிக்குப் போற அலங்கார நாடாவும் அப்படித்தான். மீட்டர் கணக்குல மலிவா கிடைக்கும், எவ்வளவு பாரம் தாங்கும்னு யாரும் சோதிச்சிருக்க மாட்டாங்க.

தையல் பத்தி நாங்க கத்துக்கிட்டது ஆம்பூர்லதான். கூட வந்த நண்பனோட அம்மா ஷூ கம்பெனியில அப்பர் தைக்கிறவங்க. ஹேமக் ஸ்ட்ராப்பைக் காட்டினதும் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு சொன்னாங்க: "தம்பி, தோல்ல தையல் நெருக்கமா போட்டா பலம்னு நெனைப்பாங்க. ஊசி போட்ட ஓட்டை எல்லாம் சேர்ந்து ஸ்டாம்பு மாதிரி கிழிஞ்சு வந்துடும்." தோல்ல ஊசி ஓட்டை போடுது. நெய்த நாடாவுல ஊசி பெரும்பாலும் நூலை விலக்கிட்டுப் போகுது. அதனால நாடாவுல நெருக்கமான குறுக்குத் தையல் பலம்தான். வாங்கும்போது ஸ்ட்ராப் மடிஞ்சு சேர்ற இடத்தைப் பாருங்க. ஒரே வரி நேர்த்தையல்னா வெச்சுட்டு வந்துடுங்க. நெருக்கமா, பல வரிசையா, பட்டையா தைச்சிருந்தா எடுக்கலாம். நூல் பிரிஞ்சிருந்தா அந்த ஸ்ட்ராப்போட ஆயுள் முடிஞ்சது.

ஹூக் விஷயத்துல ரெண்டு சொல்லைப் பிரிச்சுப் படிக்கணும். உடையும் பாரம் வேற, பாதுகாப்பா வேலை செய்யும் பாரம் வேற. உடையும் பாரத்தை 5-ஆல வகுத்தா வர்றதை நம்ம எல்லையா வெச்சுக்கலாம். சாவிக்கொத்துல மாட்டுற வளையம் பார்க்க மலையேறுறவங்க கேரபினர் மாதிரியே இருக்கும். அதுலயே 'மலையேற்றத்துக்கு அல்ல'ன்னு பொடி எழுத்துல போட்டிருப்பாங்க. நல்ல கேரபினர்ல பலம் கிலோநியூட்டன்ல பொறிச்சிருக்கும். 1 கிலோநியூட்டன் சுமார் 102 கிலோ எடைக்குச் சமம். 12 கிலோநியூட்டன்னு பொறிச்சிருந்தா 1,200 கிலோவுக்கும் மேல. ஐந்தால வகுத்தாலும் 240 கிலோ. நண்பன் 10 டிகிரியில கட்டின தப்பைக்கூட அது மன்னிச்சிருக்கும்.

படுக்கை எவ்வளவு நீளம்?

ரெண்டு முனையிலும் மரக்கட்டை வெச்சு விரிச்ச ஹேமக் போட்டோவுக்கு அழகு. ஆனா அது சட்டுனு கவிழும். இரவு தூங்க, முனையில துணி கொசுவம் மாதிரி சேர்ற வகைதான் நல்லது. நீளம் 11 அடி பாருங்க. 9 அடியில மதியம் உக்காந்து படிக்கலாம், ராத்திரி முழுக்க வாழைப்பழம் மாதிரி வளைஞ்சு கிடக்கணும்.

நேரா படுக்காதீங்க. நடுக்கோட்டுக்கு 20, 30 டிகிரி குறுக்கா படுத்தா துணி விரிஞ்சு முதுகு சமமாகும். ரெண்டு முனைக்கும் நடுவுல ஒரு மெல்லிய பலமான கயிறு கட்டி வெச்சா, தொய்வு எப்பவும் ஒரே அளவா இருக்கும். அந்தக் கயிறோட நீளம் ஹேமக் நீளத்துல சுமார் 83 சதவீதம். 11 அடி, அதாவது 335 சென்டிமீட்டர் ஹேமக்குக்கு 278 சென்டிமீட்டர். டார்ச்சும் கண்ணாடியும் தொங்கவிட அதுவே கொடி.

கீழே இருந்து வர்ற குளிர்

ஆம்பூர் கடல் மட்டத்துல இருந்து சுமார் 300 மீட்டர், ஏலகிரி சுமார் 1,100 மீட்டர். ஒரு கிலோமீட்டர் ஏறினா 6.5 டிகிரி குறையும்ங்கிற கணக்குல, மலையில கிட்டத்தட்ட 5 டிகிரி குறைவு. 'இதுக்கா பயம்?'னு ஒரு போர்வையோட போனோம். மேலே கதகதப்பு, முதுகுல ஐஸ். ராத்திரி ரெண்டு மணிக்கு நாலு பேரும் எழுந்து கேம்ப் சைட் கிச்சன் அடுப்புப் பக்கத்துல உக்காந்திருந்தோம். (அஞ்சாவது ஆள் உக்கார முடியாத நிலையில இருந்தான்.)

காரணம் எளிது. போர்வை நம்மைச் சூடாக்குறது இல்ல. அதுக்குள்ள சிக்கிய காத்துதான் சூட்டை வெளியே விடாம வைக்குது. முதுகுக்குக் கீழே போர்வை நசுங்கி காத்து வெளியேறிடுது. கூடவே ஹேமக்குக்கு அடியில காத்து ஓடி, இருக்கிற சூட்டையும் வாரிட்டுப் போகுது. குளிர் நாட்டு வேட்டைக்காரங்க இதுக்காக ஹேமக்குக்கு வெளியே, அடியில ஒட்டினாப்ல ஒரு மெத்தைப் போர்வை தொங்கவிடுவாங்க. அது நசுங்காது. கொடைக்கானல், ஊட்டி டிசம்பருக்கு அது தேவைப்படலாம். ஏலகிரி, ஜவ்வாதுக்கு நசுங்காத ஃபோம் பாய் ஒண்ணு போதும். ரெண்டு அடுக்குத் துணி இருக்கிற ஹேமக் வாங்கினா, பாயை நடுவுல சொருகிடலாம், புரண்டாலும் நழுவாது.

கொசு, மழை

மேலே மட்டும் வலை போட்டா பத்தாது. இழுபட்ட மெல்லிய துணி வழியா கொசு அடியில இருந்தே கடிக்கும். முழுக்கச் சுத்தி மூடுற வலை வாங்குங்க. மேல் வலை தைச்ச ரெண்டு அடுக்கு ஹேமக்னா நடுவுல இருக்கிற பாயே அடிப்பக்கத்தைப் பார்த்துக்கும்.

மழைக்குச் சதுரத் தார்ப்பாய். 8-க்கு 8 அடித் தார்ப்பாயை மூலைக்கு மூலை போட்டா 11 அடிக்கும் மேல நீளம் கிடைக்கும். 9 அடியில தொங்குற ஹேமக்குக்குத் தலை, கால் ரெண்டும் மூடும். தார்ப்பாய்க் கயிறை ஸ்ட்ராப்புக்கு மேல தனியா கட்டுங்க. மரத்துல வழியுற தண்ணி ஸ்ட்ராப் வழியா நேரா படுக்கைக்கு வரும். ஹேமக்குக்கு முன்னாடி ஸ்ட்ராப்புல ஒரு பருத்தி நூலை முடிஞ்சு தொங்கவிட்டா, தண்ணி அதுல இறங்கி சொட்டிடும். இடி இடிச்சா இந்தக் கலை எல்லாம் வேணாம். மரத்தடியை விட்டுட்டு கட்டிடத்துக்குள்ள போயிடுங்க.

வேட்டைக்காரங்ககிட்ட எடுக்க வேண்டியதும் விட வேண்டியதும்

எடுத்துக்கோங்க: இருட்டுல கண்ணை மூடிக்கிட்டு கட்டுற பழக்கம். சாப்பாட்டைப் படுக்கைப் பக்கத்துல வைக்காத ஒழுங்கு. இந்த மலைகள்ல கரடி இருக்கு, பலாப்பழமும் பிரியாணி மிச்சமும் அதுக்கும் பிடிக்கும். ஷூவைத் தரையில விடாம தொங்கவிடுறது. காலையில போடுறதுக்கு முன்னாடி தட்டுங்க. தேள் வாடகை கேட்காம குடி வந்திருக்கும். கிளம்பும்போது ஒரு கவர்கூட விடாம எடுத்துட்டு வர்றது.

விட்டுடுங்க: இலை நிறத்துல மறைஞ்சுக்கிற துணி. அவங்களுக்கு மான் கண்ல படக் கூடாது. நமக்கு, நண்பங்க கண்லயும் தோட்டக்காரர் கண்லயும் நல்லா படணும். ஆரஞ்சோ மஞ்சளோ எடுங்க.

பட்ஜெட் குறைவுன்னா வரிசை இதுதான்: முதல் காசு ஸ்ட்ராப்புக்கும் கேரபினருக்கும். அடுத்து ஃபோம் பாய், வலை. தார்ப்பாய் வீட்லயே இருக்கும். கடைசியா மிச்சக் காசுக்கு ஹேமக் துணி. நம்ம நண்பன் சரியா தலைகீழா செஞ்சான். காசு முழுக்கத் துணிக்குப் போட்டான், ஹூக் இலவசமா வந்ததைப் போட்டான்.

முதல் தடவை மலையில கட்டாதீங்க. வீட்டுப் பக்கத்து வேப்பமரத்துல, தரையில இருந்து ஒரு அடி உயரத்துல கட்டுங்க. முதல்ல கையால அழுத்துங்க, அப்புறம் பாதி எடை, அப்புறம் மெதுவா முழுசா உக்காருங்க. முடிச்சைப் பாருங்க, தையலைப் பாருங்க, கை துப்பாக்கியை வெச்சுக் கோணத்தைப் பாருங்க. ஒவ்வொரு தடவையும் இதே வரிசை.

இந்த டிசம்பர் மறுபடியும் அதே அஞ்சு பேர் கிளம்புறோம். நண்பன் இப்ப 74 கிலோ. கணக்கை அவனே திருப்பிப் போட்டு குரூப்ல அனுப்பியிருக்கான். வட்டத் தலைகாணியையும் பையில வெச்சிருக்கானாம்.